கல்லீரல் கொழுப்பும் மீல்மேக்கர் உருண்டையும்

ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்துவிட்டால், வீட்டில் முதல் வெட்டு எண்ணெய்க்குத்தான். சோற்றின் அளவை யாரும் தொடுவதில்லை. ஆனால் இந்த நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் கணக்கெடுத்தபோது, உணவுக் கொழுப்பின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். ஏறத்தாழ 59 சதவீதம் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து ரத்தம் வழியே வந்தது. மீதி 26 சதவீதத்தை, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வைத்துக் கல்லீரலே தயாரித்திருந்தது.

அந்தத் தயாரிப்புக்கு உத்தரவு போடுவது இன்சுலின். அது ஏறினால், கல்லீரலில் எஸ்ஆர்இபிபி-1 என்ற புரதம் கூடி, கொழுப்பை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். சோயா புரதம் கை வைப்பது இங்கேதான். மெக்சிகோ நகரத்தில் நிம்பே டோரஸ், ஆர்மாண்டோ டோவார் குழுவினர் சில எலிகளுக்குப் பாலின் கேசீன் புரதத்தையும் சில எலிகளுக்குச் சோயா புரதத்தையும் கொடுத்து வளர்த்தார்கள். சோயா தின்ற எலிகளுக்கு இன்சுலினும் எஸ்ஆர்இபிபி-1 அளவும் குறைவு. கல்லீரலில் கொழுப்பும் குறைவு. 2004இல் வெளியான முடிவு இது.

எலிக்குப் பலித்தது நமக்கும் அதே அளவு பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறோம். சோயா கெட்ட கொலஸ்ட்ராலை 13 சதவீதம் வரை குறைக்கும் என்றது 1995ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு; அமெரிக்க இதய சங்கம் 2006இல் மறுபடி பார்த்தபோது அது 3 சதவீதமாகச் சுருங்கியது. சோயா நல்ல உணவு, மருந்தல்ல. ஃபேட்டி லிவருக்கு உறுதியான வழி, உடல் எடையில் 7 முதல் 10 சதவீதத்தைக் குறைப்பதுதான்.

அதற்கு மீல்மேக்கர் கைகொடுக்கும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவில் செய்யப்படும் இந்த உருண்டை, 50 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் தருகிறது. வெந்நீரில் ஊறவைத்து, பஞ்சுபோல் உப்பியதும் ஒட்டப் பிழிந்து குழம்பில் போடுங்கள். அன்று ஒரு கரண்டிச் சோற்றைக் குறையுங்கள். ‘65’ என்று எண்ணெயில் பொரித்து, வழக்கமான சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்?

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள். மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா குறைக்கும்.