அம்மாவுக்காக ஒரு தாழ்ந்த ஷவர்: நாமே செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

கனடாவில் எங்கள் வீடுகளில் வயதானவர்களுக்கு ஆபத்தான இடம் எது என்று கேட்டால், சிலர் மாடிப்படி என்பார்கள். சிலர் பனிக்காலத்து வாசல் என்பார்கள். குளியலறையை நினைப்பவர்கள் குறைவு. நாங்களும் நினைக்கவில்லை. 78 வயதான என் அம்மா குளியல் தொட்டிக்குள் சறுக்கி விழுந்து இரண்டு நாட்களாகியும் யாருக்கும் சொல்லவில்லை. தோளில் கன்றிப்போயிருந்த இடத்தை என் மகள் கண்டு கேட்டபோதுதான், "சும்மா கால் சறுக்கினது, பெரிசா ஒண்டும் இல்லை" என்றார். கதவை உட்பக்கம் பூட்டியிருந்தார். அவர் கூப்பிட்டிருந்தாலும் எங்களால் உடனே உள்ளே போயிருக்க முடியாது.

கனடாப் பொதுச் சுகாதார முகவரகத்தின் கணக்குப்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 முதல் 30 சதவீதமானோர் ஆண்டுதோறும் விழுகிறார்கள். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளில் சுமார் 95 சதவீதம் விழுவதால் ஏற்படுபவை. இடுப்பு முறிந்த பிறகு முன்போல் நடமாட முடியாமல் போனவர்களை எங்கள் சமூகத்திலும் கண்டிருக்கிறோம்.

தொட்டி ஏன் ஆபத்து?

சாதாரணத் தொட்டியின் விளிம்பு 14 முதல் 20 அங்குல உயரம். அதைத் தாண்டும்போது, ஈரமான வழுக்கும் இடத்தில் ஒரு காலில் நிற்க வேண்டும். எங்கள் பெற்றோருக்கு இதைவிட வேறு காரணங்களும் உண்டு. எண்ணெய் வைத்து முழுகும் நாளில் தொட்டி முழுவதும் எண்ணெய் படியும். குறுக்குக்கட்டு நனைந்து காலைச் சுற்றும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவதால் கால் எங்கே படுகிறது என்பதும், தண்ணீர் எவ்வளவு சூடு என்பதும் தெரியாமல் போகலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலை சுற்றலாம்.

ஆகவே ஒருவர் விழுந்திருந்தால் முதலில் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துகள், இரத்த அழுத்தம், கண்பார்வை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பார்த்து ஆலோசனை சொல்லும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இருக்கிறார். ஒன்ராறியோவில் இருப்பவர்கள் 'ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம்' மூலம் இதற்குக் கேட்கலாம்.

எதைத் தெரிவு செய்வது?

பெரும்பாலான தொட்டிகள் 60 அங்குல நீளமும் 30 அங்குல அகலமும் உள்ளவை. அதே அளவில், சில அங்குல உயர விளிம்பு மட்டுமே உள்ள ஆயத்த ஷவர் தளங்கள் கடைகளில் கிடைக்கின்றன. கைவேலை தெரிந்தவர் வீட்டில் செய்யக்கூடியது இதுதான். விளிம்பே இல்லாமல் தரையோடு தரையாக அமைப்பதற்குத் தரையின் கீழுள்ள மரங்களை மாற்ற வேண்டி வரலாம். அதை நாமே வெட்டக்கூடாது. சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கு அந்த வகைதான் பொருத்தம் என்பதால், தகுதியான ஒப்பந்தகாரரிடம் விடுங்கள்.

குழாயின் இடத்தை மாற்றுவதானால் அனுமதி தேவைப்படும். வேலை தொடங்குமுன் உங்கள் நகரசபையின் கட்டடப் பிரிவிடம் கேளுங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும்.

வேலை ஒழுங்கு

1. பழையதைக் கழற்றுதல்: தண்ணீரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வீடு 1990க்கு முன் கட்டியதானால், பழைய தரை விரிப்பிலும் சுவர்ப் பூச்சிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். பரிசோதனை செய்யாமல் உடைக்க வேண்டாம். அதன் தூசு நுரையீரலைப் பல ஆண்டுகள் கழித்துப் பாதிக்கும். ரைல்ஸ் வெட்டும்போதும் என்95 முகமூடி அணியுங்கள். வார்ப்பிரும்புத் தொட்டியைத் தனி ஆளாகத் தூக்க முயலாதீர்கள்.

2. வடிகால்: பழைய வடிகால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் துளை உள்ள தளத்தை வாங்குங்கள். தொட்டிக்கு வழக்கமாக ஒன்றரை அங்குலக் குழாய் இருக்கும். ஷவர் தளங்கள் பெரும்பாலும் 2 அங்குலக் குழாய்க்கு ஏற்றவை. இந்த மாற்றத்தை உரிமம் உள்ள பிளம்பரிடம் கொடுங்கள்.

3. தண்ணீர்ச் சூடு: தண்ணீர் சூடாக்கும் தாங்கியில் கிருமி வளராமலிருக்க 60 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். எனவே சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பிளம்பரே பூட்டட்டும். குழாயில் வரும் தண்ணீர் 49 பாகைக்கு மேல் போகக்கூடாது. கையில் பிடித்துக் குளிக்கும் ஷவரையும் அதோடு பொருத்துங்கள்.

4. சுவருக்குள் மரம்: இதுதான் நாங்கள் தவறவிட்டது. ரைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு கைப்பிடிக் கம்பியைப் பூட்டப் போனேன். திருகாணி வெறும் பலகையைத் துளைத்துக்கொண்டு போனது. பின்னால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ரைல்ஸை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. விழப்போகும் ஒருவரின் முழுப் பாரமும் அந்தக் கம்பியில்தான் வரும். ஆகவே சுவரை மூடுமுன், நிற்கும் சட்டங்களுக்கு இடையில் 'இரண்டுக்கு எட்டு' மரங்களைக் குறுக்காக இறுக்கிப் பூட்டுங்கள். அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

5. தளம் வைத்தல்: நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். தளத்தின் கீழ் வெற்றிடம் இருந்தால் நாளடைவில் வெடிக்கும். தயாரித்த நிறுவனத்தின் அறிவுறுத்தல் அனுமதித்தால் கீழே சாந்து பரப்பி அதன்மேல் வையுங்கள்.

6. நீர்க்காப்பு: சாதாரண ட்ரைவோலின் மேல் ரைல்ஸ் ஒட்டக்கூடாது. சீமெந்துப் பலகை நனைந்தால் பழுதாகாது, ஆனால் தண்ணீரைத் தடுக்காது. அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சோ விரிப்போ கட்டாயம் வேண்டும். மூட்டுகளும் மூலைகளும் திருகாணித் தலைகளும் மூடப்பட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் சுவருக்குள் பூஞ்சணம் வளரும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது வேறொரு தொல்லை.

7. சோதனை: ரைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து, விளிம்புக்குக் கீழ் வரை தண்ணீர் விட்டு, மட்டத்தைக் குறியிட்டு 24 மணிநேரம் விடுங்கள். கீழ்மாடிக் கூரையையும் பாருங்கள். பிறகு வடிகாலைத் திறந்து தண்ணீர் ஓடும்போதும் ஒருதரம் பாருங்கள்.

8. முடிவு வேலை: சுவருக்கு ரைல்ஸ் அல்லது ஆயத்தப் பலகை. மூலைகளுக்குச் சிலிக்கன் பூசி, அது காயும் வரை குளிக்க விடாதீர்கள். தளம் சொரசொரப்பானதாக இருக்கட்டும். விளிம்பு வேறு நிறத்தில் இருந்தால் பார்வை குறைந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவைவிடத் திரை நல்லது, உதவிக்கு நிற்பவர் எளிதாகக் கை கொடுக்கலாம்.

கம்பி யாருடைய உயரத்துக்கு?

படுக்கைக் கம்பிக்குத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பது பொதுவான அளவு. உள்ளே போகும் இடத்தில் நிமிர்ந்த கம்பி ஒன்றும் வேண்டும். நான் முதலில் என் உயரத்துக்குக் கோடு போட்டேன். அம்மா நாலடி பத்து அங்குலம். உடுப்போடு அவரை உள்ளே நிற்கவும் உட்காரவும் வைத்து, கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் குறித்தோம். நான் போட்ட கோட்டுக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. துவாய் போடும் கம்பியையும், உறிஞ்சி ஒட்டும் கம்பியையும் நம்பிப் பிடிக்க விடாதீர்கள். இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம் பொதுவாகப் பொருந்தும்.

செலவும் சலுகையும்

65 வயது நிரம்பியவருக்காகச் செய்யும் இத்தகைய திருத்தங்களுக்கு மத்திய அரசின் 'ஹோம் அக்சஸிபிலிற்றி ராக்ஸ் கிரெடிற்' உண்டு. 2022 முதல் ஆண்டுக்கு 20,000 டொலர் வரையான செலவைக் கணக்கில் காட்டலாம். இது கட்ட வேண்டிய வரியைக் குறைக்கும், காசாகக் கைக்கு வராது. நீங்களே வேலை செய்தால் பொருட்களின் செலவு சேரும், உங்கள் உழைப்புக்குக் கணக்கில்லை. பற்றுச்சீட்டுகளை எறியாமல் வைத்து, உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

இப்போது வசதி இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். தொட்டியின் விளிம்புக்கு உள்ளும் வெளியும் கால் வைத்து நிற்கும் நீண்ட குளியல் இருக்கை, சரியாகப் பூட்டிய ஒரு கம்பி, வழுக்காத விரிப்பு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு ஆகிய நான்கையும் இந்த வார இறுதியிலேயே செய்யலாம்.

எங்கள் அம்மா இப்போது இருக்கையில் இருந்துதான் குளிக்கிறார். ஷவர் இருந்தாலும் வாளியும் கோப்பையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே வைத்திருக்கிறோம். முழுகும் நாளில் எண்ணெயைத் தலைக்கு மட்டும் வைத்து, துவாயால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். கதவைச் சாத்துகிறார், பூட்டுவதில்லை. உங்கள் வீட்டிலும் அம்மாவிடமோ அப்பாவிடமோ இன்று ஒருமுறை கேளுங்கள்: "குளிக்கேக்க எப்பவாவது கால் சறுக்கினதா?" நீங்கள் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.