ஸ்டெப்னி அளவு மாறினால் ஜீப்பின் பல்சக்கரம் உடையும்
நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப், டிராக்டர் வைத்திருப்போர் கவனிக்க

டயரில் அச்சிட்ட நம்பர் ஒன்றாக இருந்தால் டயரும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாதாரண வண்டியில் இந்த எண்ணத்தால் பெரிய கெடுதல் வராது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அது ஒரு கறவை மாட்டின் விலையை விழுங்கிவிடும். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவருக்கு அதுதான் நடந்தது.

அவர் திருப்போரூர்ப் பக்கத்துக்காரர். இரண்டு ஏக்கரில் கீரை, கத்தரி, வெண்டை போடுகிறார். ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். விடியற்காலையில் காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலை வழியாக மயிலாப்பூர் வருவார். மாட வீதிப் பக்கம் சில கடைகளுக்கு வாடிக்கையாகக் காய் போடுகிறார்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், அடையாறு மத்திய கைலாஷ் அருகே பின்பக்கத்து இடது டயர் பஞ்சர் ஆகிவிட்டது. ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். அந்த ஸ்டெப்னி, தம்பியின் டிராக்டர் முன்சக்கரத்துக்காக வாங்கிய டயர். ஜீப் டயரில் 6.00-16 என்று இருந்தது. டிராக்டர் முன் டயரிலும் அதே 6.00-16. ரிம்மில் சரியாக உட்கார்ந்தது. காசு மிச்சம் என்று ஜீப்புக்கு ஸ்டெப்னியாக்கிவிட்டார்.

மயிலாப்பூர் வரை ஒரு குறையும் இல்லை. காயை இறக்கிவிட்டு, பெண்ணுக்குப் புடவை எடுக்கத் தி. நகர் போனார். அதற்குள் மழை கொட்டித் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டி திணறவே, நான்கு சக்கர இயக்கத்தின் லீவரைத் தட்டிச் சேர்த்தார். தண்ணீரைத் தாண்டியதும் லீவரை எடுக்க மறந்துவிட்டார். அடையாறு தாண்டி ஈரம் காய்ந்த தார்ச்சாலை வந்தது. சோழிங்கநல்லூரில் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. லீவரை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கேளம்பாக்கம் நெருங்கும்போது அடியில் ‘படார்’ என்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

அடுத்த வாரம் ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் அவரைப் பார்த்தேன். டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பல் உடைந்த சக்கரம் எண்ணெய்த் தட்டில் கிடந்தது.

“நம்பர் ஒண்ணுதானே தம்பி?” என்றார் இவர்.

“நம்பர் ஒண்ணுதான் பெரியவரே. உசரம் ஒண்ணா?” என்றார் மெக்கானிக்.

ஜீப்பின் பழைய டயர் ஒன்றிலும் ஸ்டெப்னியிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டிக் காட்டினார். தேய்ந்த டயர் 2 மீட்டர் 22 சென்டிமீட்டர் உருண்டது. ஸ்டெப்னி 2 மீட்டர் 31 சென்டிமீட்டர். வித்தியாசம் 9 சென்டிமீட்டர்.

9 சென்டிமீட்டர் என்ன செய்யும்?

ஒரு கிலோமீட்டர் போக, 2 மீட்டர் 22 டயர் சுமார் 450 சுற்றுச் சுற்றவேண்டும். 2 மீட்டர் 31 டயருக்கு 433 சுற்றுப் போதும். கிலோமீட்டருக்குப் 17 சுற்று வித்தியாசம்.

ஒரே அச்சின் இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம். நடுவிலுள்ள டிபரன்ஷியல் அதற்குத்தான் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டியிருப்பதை அதுதான் சமாளிக்கிறது. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, பழைய ஜீப்பிலும் நமது டிராக்டர்களிலும் டிபரன்ஷியல் கிடையாது. லீவரைத் தட்டிவிட்டால் முன் தண்டும் பின் தண்டும் டிரான்ஸ்பர் கேஸில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஒன்று எத்தனை சுற்றினால் மற்றதும் அத்தனைதான் சுற்றியாக வேண்டும்.

ஒரு சக்கரத்தின் 17 சுற்று வித்தியாசம், டிபரன்ஷியலில் பாதியாகிச் சுமார் 9 சுற்றாகிறது. அச்சின் பல்சக்கர விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், தண்டில் அது 45 சுற்று. கிலோமீட்டருக்கு 45 என்றால் முப்பது கிலோமீட்டருக்கு 1,350 சுற்று. முன் தண்டும் பின் தண்டும் இத்தனை சுற்று முரண்பட விரும்புகின்றன. பூட்டு விடமாட்டேன் என்கிறது.

சேற்றிலும் மணலிலும் ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி இந்த முரணைத் தீர்த்துவிடும். அதனால் வயலில் ஒன்றும் தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில் டயர் எளிதில் வழுக்காது. கயிற்றின் இரு முனையையும் பிடித்து முறுக்குவதுபோல் தண்டு முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரத்தின் பற்களில் உட்காருகிறது. லீவர் வராமல் இறுகியதும் அதனால்தான்.

வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால், நான்கு டயரும் ஒரே அளவில் இருந்தால்கூடக் காய்ந்த சாலையில் இந்த லீவரைச் சேர்க்கக்கூடாது. அளவு மாறிய டயர் இருந்தால், நேர்ச் சாலையிலும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும்.

நம்பர் ஒன்றாக இருந்தும் ஏன் மாறுகிறது?

6.00-16 என்றால் டயரின் அகலம் சுமார் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். டயர் எவ்வளவு உயரம் என்பதை அந்த நம்பர் சொல்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி, பட்டனுக்குப் பட்டன் உயரம் மாறும். தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். பட்டன் 1 சென்டிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 2 சென்டிமீட்டரும், சுற்றளவில் 6 சென்டிமீட்டருக்கு மேலும் குறைந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிராக்டர் முன் டயர் சாலை வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அதன் பக்கவாட்டில் ஏ6 என்று இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டரும், ஏ8 என்று இருந்தால் 40 கிலோமீட்டரும்தான் எல்லை. அதை மாட்டிக்கொண்டு சாலையில் 60, 70 வேகத்தில் போவது உயிரோடு விளையாடுவதாகும்.

புதுவகை நம்பரில் உயரத்தைக் கணக்கிடலாம். 235/70 ஆர் 16 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 235 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதம், அதாவது 164.5 மில்லிமீட்டர், ஒரு பக்கத்து உயரம். மேலும் கீழுமாக இரண்டு பக்கத்துக்கு 329. ரிம் 16 அங்குலம் என்பது 406 மில்லிமீட்டர். மொத்த உயரம் 735 மில்லிமீட்டர். இதேபோல் 245/75 ஆர் 16 டயரைக் கணக்கிட்டால் 774 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டும் 16 அங்குல ரிம்மில் ஏறும் டயர்கள்தான். உயரத்தில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வித்தியாசம்!

டிராக்டரில் வேறு கணக்கு

நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டரில் முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. அதற்கேற்பப் பல்சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். முன் சக்கரம் தன் அளவுக்கு ஓடவேண்டியதைவிட 1 முதல் 5 சதவீதம் வரை முந்திச் சுற்றும்படி வைப்பார்கள். அப்போதுதான் முன் சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கும். இந்த முந்துதல் குறைந்தால் முன் அச்சு உதவாது. பின்னுக்குப் போனால் முன் சக்கரமே பிரேக் போடுவதுபோல் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் வீணாகும், டயர் தேயும், முன் அச்சின் பற்கள் அடிபடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். முன், பின் டயர்களில் காற்றைச் சரியான அளவில் நிரப்புங்கள். ஒரு முன் டயரிலும் ஒரு பின் டயரிலும் சாக்கட்டிக் கோடு போடுங்கள். முதலில் முன் இயக்கத்தை விலக்கிவிட்டு, கெட்டித் தரையில் மெதுவாக நேரே ஓட்டுங்கள். பின் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று என்பதை, வண்டிக்கு எட்டி நடந்து வரும் ஒருவர் எண்ணட்டும். பிறகு உழுத மண்ணில் முன் இயக்கத்தைச் சேர்த்து அதேபோல் எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாக, விலக்கியபோது 15 சுற்று, சேர்த்தபோது 15½ சுற்று என்றால், முந்துதல் சுமார் 3 சதவீதம். நல்ல நிலை. இப்போது பின் டயர் இரண்டையும் கழற்றிவிட்டு 4 சதவீதம் உயரமான டயர் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலக்கி ஓட்டும்போது முன் சக்கரம் 15.6 சுற்றுச் சுற்றும். சேர்த்தால் பல்சக்கரம் விடுவது அதே 15½ சுற்றுத்தான். முந்துதல் போய்விட்டது. பெரிய டயர் போட்டால் இழுவை கூடும் என்று எண்ணிச் செலவழித்த பணம் வண்டிக்கே எதிரியாகிவிட்டது.

முன் டயர் தேய்ந்து, பின் டயர் மட்டும் புதிதாக இருந்தாலும் இதே விளைவுதான். சேற்றுழவுக்குப் பின் டயரைக் கழற்றி முழுக் கேஜ் வீல் மாட்டுகிறவர்களும் அதன் விட்டத்தை டயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே முன் இயக்கத்தைச் சேர்க்கவேண்டும்.

வழியில் வேறு அளவு ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால்

1. நான்கு சக்கர லீவரைத் தொடாதீர்கள். எவ்வளவு சேறானாலும் தள்ளிவிட ஆள் தேடுவது மலிவு.

2. பின் டயர் பஞ்சர் ஆனால், முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே மாட்டுங்கள். வேறு அளவு ஸ்டெப்னியை முன்னே போடுங்கள். பின் அச்சுத்தான் எப்போதும் இழுக்கிறது. அதன் இரண்டு டயரும் ஒத்திருந்தால் டிபரன்ஷியல் ஓயாமல் உழைக்கவேண்டியதில்லை. ஜாக்கியை இரண்டு தடவை போடும் சிரமம் பார்க்கவேண்டாம்.

3. மெதுவாகப் போங்கள். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். பஞ்சர் ஒட்டும் இடம் வந்ததும் பழைய டயரை மாட்டிவிடுங்கள்.

4. லீவர் இறுகிக்கொண்டால் சம்மட்டியால் தட்டாதீர்கள். வண்டியைச் சில கெஜம் நேராகப் பின்னுக்கு ஓட்டுங்கள். முறுக்குத் தளர்ந்து லீவர் வந்துவிடும். இல்லையென்றால் சாலை ஓரத்து மண்ணில் இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

5. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் புதுவகைக் கார்களில் லீவரே இருக்காது. அவற்றுக்குக் கம்பெனி கையேட்டில் சொன்னபடி நடக்கவேண்டும். சிறிய ஸ்டெப்னியோடு வரும் வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்பதுபோல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள்.

டயர் வாங்கும்போது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டைப் பக்கம் டயரும் உதிரிப் பாகமும் வாங்க வரும் விவசாயிகள், ஒரு அளவு நாடாவும் சாக்கட்டியும் பையில் கொண்டுவருவது நல்லது. கடைக்காரர் நம்பரைக் காட்டினால் நீங்கள் சுற்றளவைப் பாருங்கள். வீட்டில் ஓடும் டயரின் சுற்றளவைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை இரண்டு டயராக வாங்கி ஒரே அச்சில் போடுங்கள். ஜீப்புக்கு ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் என்றால் மிக நல்லது. ஸ்டெப்னியைச் சும்மா தொங்கவிடாமல், எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மற்ற நான்கோடு முறை மாற்றி ஓட்டினால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும். ரேடியல் டயரையும் நைலான் டயரையும் கலக்காதீர்கள். ரீட்ரெட் போடுவதானால் ஜோடியாகக் கொடுத்து, திரும்பி வந்ததும் இரண்டையும் உருட்டி அளந்து வாங்குங்கள்.

பழைய டயர் வாங்குவோர் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்கவேண்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் வேண்டாம்.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஓர் ஊர்க்கதைதான். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய பட்டறையில் செய்து விற்ற மாற்றுச் சக்கரம் அது. அந்தத் தெருப் பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து நிலைத்துவிட்டது. அந்நாளிலும் அது ஆபத்துக்கு உதவி, வீடு சேர்க்க மட்டுமே வந்த சக்கரம்.

நம் நண்பர் ஒரு கறவைப் பசுவை விற்றுப் பட்டறைக் கணக்கைத் தீர்த்தார். பெண்ணுக்கு எடுத்த புடவை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. இப்போது அவர் ஜீப்பில் ஐந்து டயரும் ஒரே ஜாதி. சாவிக்கொத்தோடு ஒரு சின்ன அளவு நாடாவும் தொங்குகிறது.