எண்ணெய் எங்கே போகிறது? பிக்அப் வண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

2024 ஜூன் 10-ஆம் தேதி காலையில் டீசல் ஊற்றப் போனவர்கள் அந்த விலைப் பலகையை மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய நாள் வரை லிட்டர் 2 வெள்ளி 15 காசு. விடிந்ததும் 3 வெள்ளி 35 காசு. தீபகற்ப மலேசியா முழுவதற்கும் அதுதான் விலை. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை நீடித்தது.

ஜொகூரின் கெலாங் பாத்தா பக்கம் பிக்அப் என்பது ஆடம்பரம் காட்ட வாங்கும் வண்டி இல்லை. செம்பனைத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்ற, பெக்கான் நானாஸ் பக்கமிருந்து அன்னாசி இறக்க, தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்தை நம்பிய குத்தகை வேலைகளுக்குக் கருவிகளோடு ஆட்களைக் கொண்டுபோக என்று ஒரே வண்டி பல வேலைக்கு ஓடுகிறது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா, ரேஞ்சர் என்று பெயர் எதுவானாலும் பெரும்பாலும் டீசல்தான் குடிக்கிறது.

மாதம் 2,000 கி.மீ. ஓடும், லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 430 வெள்ளி. புதிய விலையில் 670. கூடுதல் சுமை 240 வெள்ளி. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்படாத, ஆடம்பர ரகம் அல்லாத டீசல் வண்டி வைத்திருப்போருக்குப் அரசின் புடி மடானி உதவித் திட்டத்தில் தொடக்கத்தில் மாதம் 200 வெள்ளி கிடைத்தது. அது போகவும் 40 வெள்ளி கையைக் கடித்தது. இதே வண்டி லிட்டருக்கு 11.5 கி.மீ. ஓடினால் மாதம் 26 லிட்டர் குறையும். 3.35 விலையில் அது 87 வெள்ளி. அதன்பின் விலை வாரத்துக்கு ஒருமுறை மாறும் என்றாகிவிட்டது. ஆனால் மிச்சமாகும் லிட்டர் மாறாது. ஆகவே வெள்ளியை விட்டு லிட்டரில் கணக்குப் போடுவதே நல்லது.

அளக்காமல் எதுவும் தெரியாது. வண்டித் திரையில் தெரியும் சராசரி எண்ணைத் தள்ளிவையுங்கள். ஒரே நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும் வரை ஊற்றி, பயண ஓட்டமானியைச் சுழியாக்குங்கள். அடுத்த முறை அதே இடத்தில் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு தொட்டியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மூன்று தொட்டிகளின் சராசரி ஓரளவு உண்மை பேசும்.

இந்தக் கணக்கில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று நாம் பேசும் பழக்கமே. லிட்டருக்கு 8 கி.மீ. ஓடும் வண்டியை 9 ஆக்கினால் ஆயிரம் கி.மீ.க்கு 14 லிட்டர் மிச்சமாகிறது. 12 ஓடும் வண்டியை 13 ஆக்கினால் 6 லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் கூடியது ஒரு கிலோமீட்டர். பலன் பாதிக்கும் கீழே. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் அதிகம் குடிக்கும் வண்டியைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

இரண்டாவது கண்ணி டயர். 265/65 அளவுள்ள 17 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 265/70 மாட்டுபவர்கள் உண்டு. புது டயரின் விட்டம் சுமார் 3.4 விழுக்காடு பெரிது. ஓட்டமானிக்கு அது தெரியாது. சக்கரம் சுற்றிய எண்ணிக்கையை வைத்துப் பழைய கணக்கையே சொல்லும். 600 கி.மீ. என்று அது காட்டும்போது வண்டி உண்மையில் 620 கி.மீ. ஓடியிருக்கும். “டயர் மாற்றியதிலிருந்து எண்ணெய் கூடுதலாகக் குடிக்கிறது” என்ற புகாரில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். மறுபகுதி உண்மை. கரடான பட்டைகள் கொண்ட டயர் தார்ச்சாலையில் கூடுதலாக இழுக்கும். வண்டியை உயர்த்திக் கட்டினால் காற்றும் கூடுதலாகத் தடுக்கும்.

கெலாங் பாத்தாவைச் சுற்றி ஒரு பிக்அப் மூன்று வகைச் சாலையில் ஓடுகிறது. எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வழியில் கசிகிறது.

நெடுஞ்சாலையில்தான் கசிவு பெரிது. செனாய் பக்கமிருந்து தஞ்சோங் கூப்பாங் வரை வரும் இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலையில், 1998 முதல், சிங்கப்பூர் துவாஸ் நோக்கி வண்டிகள் பறந்துகொண்டே இருக்கின்றன. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. பிக்அப்போ செவ்வகப் பெட்டி போன்ற உருவம். முகம் அகலம், உயரம் அதிகம், பின்னால் திறந்த தொட்டி. கார் காற்றை விலக்கிக்கொண்டு போகும் இடத்தில் இது முட்டிக்கொண்டு போகும். மணிக்கு 110-இலிருந்து 90-க்கு இறங்கினால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மொத்த எண்ணெய்ச் செலவு அந்த அளவுக்குக் குறையாது. டயரின் உராய்வும் எஞ்சினின் உள் உராய்வும் அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் இந்த வண்டியில் பெரிய மிச்சம் தரும் மாற்றங்களில் இது ஒன்று.

நேரம் எவ்வளவு போகும்? 40 கி.மீ. தூரத்தை 110-இல் கடக்க 22 நிமிடம், 90-இல் 27 நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசம். குடிநுழைவுச் சாவடியின் வரிசையில் அதைவிட அதிகம் நின்றிருக்கிறோம்.

வேகத்தைவிட மோசமானது பதற்றம். முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது, பிரேக் அடிப்பது, மறுபடி மிதிப்பது. ஒவ்வொரு பிரேக்கும் எண்ணெய் கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கி வீசுகிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியில் அந்த இழப்பு சிறிதல்ல. முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் எரிபொருள் சிக்கனம் கெடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. முன்னால் ஐந்தாறு வண்டிகள் தாண்டிப் பார்வையை வைத்து, சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவதுதான் மருந்து.

அப்படிக் காலை எடுக்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கம் நம் பழைய ஓட்டுநர்களிடம் இன்னமும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்துப் பாடம் அது. மின்னணுக் கட்டுப்பாட்டில் எண்ணெய் தெளிக்கும் இன்றைய எஞ்சினில், கியரில் இருக்கும்போதே மிதியை விட்டால் தெளிப்பு நின்றுபோகும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும், எண்ணெய்ச் செலவு இல்லை. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். கூடவே இறக்கத்தில் எஞ்சின் கொடுக்கும் பிடிப்பும் போய்விடும். பாரம் ஏற்றிய வண்டியில் அது ஆபத்து.

அடுத்தது தோட்டத்துச் செம்மண் சாலை. மழை பெய்த மறுநாள் உள்ளே போக நான்கு சக்கர ஓட்டம் வேண்டும்தான். வெளியே வந்து தார்ச்சாலை ஏறியதும் அதை மாற்ற மறப்பவர்கள் அதிகம். நம் பிக்அப்களில் பெரும்பாலானவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இடையில் விட்டுக்கொடுக்கும் பொறி இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும். சேற்றில் சறுக்கி ஈடுகட்டிவிடும். தாரில் சறுக்க முடியாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். எண்ணெய் வீண், டயர் வீண். கடைசியில் பல்சக்கரமும் வீண். தோட்டத்து வாசலைத் தாண்டியதும் கை தானாக அந்தக் குமிழுக்குப் போக வேண்டும்.

பின் தொட்டியில் கிடப்பதையும் ஒருநாள் இறக்கிப் பாருங்கள். போன மாத உரமூட்டை, துருப்பிடித்த சங்கிலி, உதிரி டயர் இரண்டு, யாரோ விட்டுப்போன சிமெண்டு. சுமார் 45 கிலோ கூடினால் ஒரு விழுக்காடு என்பது கார்களுக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. கனத்த பிக்அப்புக்கு அதைவிடக் குறைவு. தலைக்கு மேல் பூட்டிய இரும்புச் சட்டம்தான் மோசம். எடையும் அது, காற்றுத் தடையும் அது. ஏணி ஏற்றாத நாளில் அதற்கு அங்கே வேலை இல்லை.

மூன்றாவது சாலையில் வண்டி ஓடுவதே இல்லை. பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை துவாஸ் பாலத்தை நோக்கி நிற்கும் வரிசை, துறைமுக வாசலில் காத்திருக்கும் அரை மணி நேரம். இதோடு நாமே உண்டாக்கும் நிறுத்தமும் உண்டு. குளிர்சாதனம் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் விட்டு ஒட்டுக்கடையில் பசியாறப் போவோம். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின், அளவையும் குளிர்சாதனத்தையும் பொறுத்து, மணிக்குக் கால் காலன் முதல் அரைக் காலன் வரை குடிக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நம் அளவையில் சுமார் ஒன்று முதல் இரண்டு லிட்டர். டீசல் எஞ்சின் அதில் குறைந்த பக்கம் நிற்கும். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் ஓடிய தூரம் சுழியம். காலையில் பத்து நிமிடம் “சூடாக்கும்” வழக்கமும் குளிர்நாட்டிலிருந்து வந்தது. ஜொகூர் வெயிலில் எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் வர அரை நிமிடம் போதும்; அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்கலாம்.

இனி நம்பிக்கைகள். பின்கதவைத் திறந்து போட்டால் காற்று தடையில்லாமல் போகும், எண்ணெய் மிச்சமாகும் என்பது பிக்அப் உலகின் பழைய வேதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு மூடியிருக்கும்போது பின் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கிவிடும். மேலே வரும் காற்று அந்தச் சுழலின் முதுகில் வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் சுழல் கலைந்து தடை கூடுகிறது. அமெரிக்காவின் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரே மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்த்ததில், கதவு மூடிய வண்டியே கூடுதல் தூரம் போனது. திறந்த கதவால் சாமான் சாலையில் விழும் என்பது தனிக் கதை. பின் தொட்டியின் மேல் இறுக்கமாக மூடி போட்டால் சிறிது பலன் உண்டு. படபடவென்று அடிக்கும் தளர்ந்த கித்தானுக்கு அது பொருந்தாது.

எண்ணெய்த் தொட்டியில் ஊற்றும் மாய மருந்து, குழாயில் மாட்டும் காந்தம், சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் விளக்கு என்று சந்தையில் பலதும் விற்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவில் எண்ணெய் மிச்சப்படுத்துவது எதுவும் அதில் அகப்படவில்லை. சில எஞ்சினுக்கே கேடு. நானும் ஒருமுறை பட்டறை ஒன்றில் மனம் மயங்கி ஒரு பாட்டில் வாங்கினேன். மூன்று தொட்டி அளந்தேன். பாட்டில் அழகாக இருந்தது.

விலை கூடிய டீசலைப் பற்றியும் கேட்பார்கள். நிலையத்தில் யூரோ 5 டீசல் இரண்டு வகை: பி10, பி7. எண் என்பது அதில் கலந்துள்ள செம்பனை எண்ணெய் வழி உயிரி டீசலின் விழுக்காடு. உயிரி டீசலில் லிட்டருக்குள்ள ஆற்றல் சாதாரண டீசலைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் பி10-க்கும் பி7-க்கும் உள்ள வேறுபாடு அரை விழுக்காடுகூட வராது. 2024 ஜூனில் பி7-இன் விலை 3 வெள்ளி 55 காசு, அதாவது பி10-ஐவிட 20 காசு, ஆறு விழுக்காடு கூடுதல். சில தயாரிப்பாளர்கள் சில எஞ்சின்களுக்கு பி7 கேட்கிறார்கள். கையேடு அப்படிச் சொன்னால் அதையே ஊற்றுங்கள். மைலேஜுக்காக ஊற்றுவது வீண்.

பட்டறைப் பக்கம் கவனிக்க வேண்டியவை சிலதான். கையேடு சொல்லும் அடர்த்தியில் எஞ்சின் எண்ணெய். தடித்த எண்ணெய் ஒன்றிரண்டு விழுக்காடு தின்னும். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம்: அதிகம் பிரேக் அடிக்காமல் ஓட்டி நிறுத்தியபின் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே கோளாறு. அடைபட்ட காற்று வடிகட்டி இன்றைய பெட்ரோல் கார்களில் இழுவையைத்தான் கெடுக்கும், எண்ணெய்ச் செலவை அவ்வளவாகக் கூட்டாது. ஆனால் செம்மண் புழுதியில் ஓடும் டீசல் வண்டிக்கு அதை அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும். கரும்புகை முதலில் அங்கிருந்தும் வரலாம்.

டயர் காற்றைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், பலன் சிறிது என்பதுதான். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 விழுக்காடு இழப்பு. எட்டு பிஎஸ்ஐ குறைவாக ஓடினாலும் இரண்டு விழுக்காட்டை எட்டாது. ஆனால் தேய்ந்த டயரின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று. பின்சக்கர எண்ணைக் கவனித்துப் படியுங்கள். வெயிலில் ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிடாதீர்கள். காலையில், வண்டி அதிகம் ஓடுமுன், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் அடியுங்கள். எண்ணெய் விலை எவ்வளவு ஏறினாலும், நம் பெட்ரோல் நிலையங்களில் பெரும்பாலும் காற்றுக்குக் காசில்லை.