கரணத்தானும் நியாயத்தல முதலியாரும்

நாம் மாணாக்கர்க்குத் தடுத்தாட்கொண்ட புராணம் கற்பிக்குங்கால், கரணத்தான் எம் கருத்தைக் கவர்வதுண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையிலே முதியவர் நீட்டிய ஆளோலையைப் பிறழாது படித்தவன் அவனே. காப்பிலிருந்த வேறோர் ஓலையின் எழுத்தோடு அது ஒப்புநோக்கப்பட்ட பின்னரே தீர்ப்புப் பிறந்தது. ஆவணங்களைக் காத்தலும் உள்ளவாறு வாசித்தலும் இன்றும் நீதிமன்ற எழுதுவினைஞரின் கடமைகளாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாண நியாயத்தலங்களிலே மூன்றாவது கடமையொன்று சேர்ந்தது. நீதிபதி கேட்டது ஆங்கிலம். நீர்வேலிக் கமக்காரன் பேசியது தமிழ். இடைநின்றவர் துவிபாஷிகராகிய முதலியார். ‘ஒற்றி’ என்றதை அவர் ‘விலை’ என்று பெயர்த்தால், முதுசக் காணி கைமாறிவிடும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வடக்குக் கிழக்கின் முதனிலை நீதிமன்றங்களிலே தமிழுக்கும் இடமளித்தது. எனினும் ஏடு காப்போர் பொறுப்புக் குறைந்திலது. தீர்ப்பு நீதிபதியுடையது, அது நிற்கும் நிலமோ எழுதுவினைஞரின் ஏடு. அப்பணிக்குச் செல்லும் எம் மாணாக்கர் இதனை மறவாதிருப்பாராக.