நன்மை வாங்கும் வரிசையில் யாருக்குப் பின்னால் யார்? புதுச்சேரி சம்பா கோயிலில் இடிக்கப்பட்ட சுவரின் கதை

"நன்மை வாங்கினியா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பும் பேரப்பிள்ளைகளிடம், கத்தோலிக்கக் குடும்பத்துப் பாட்டிகள் முதலில் கேட்பது இதைத்தான். பூசைக்குப் போனாயா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நன்மை என்றால் நற்கருணை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, புளிக்க வைக்காமல் சுட்ட, நாணயம் அளவே உள்ள வெள்ளை அப்பம். குருவானவர் பீடத்தில் அதை எழுந்தேற்றம் செய்த பிறகு அது அப்பமல்ல, கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்க விசுவாசம். ஆகவே அதைத் தொடுவதற்கும், வாங்குவதற்கும், வைப்பதற்கும் அத்தனை ஒழுங்குகள்.

வடக்கே பிள்ளைச்சாவடிப் பக்கமிருந்து தெற்கே அரியாங்குப்பம் வரை எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் நுழைந்தாலும் அந்த ஒழுங்கைப் பார்க்கலாம். நற்கருணைப் பேழைக்கு அருகே ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு நேரே வந்ததும் பெரியவர்கள் ஒரு கணம் நின்று முழந்தாளிட்டுவிட்டுத்தான் இருக்கைக்குப் போவார்கள். வரிசையில் போகும் பெண்களின் முக்காடு தலையில் ஏறும். கையில் வாங்குபவர் வலது கையின் மேல் இடது கையை வைத்து ஏந்துவார். சிறு துணுக்கு உள்ளங்கையில் ஒட்டியிருந்தால் அதையும் விடமாட்டார். அப்பம் தவறிக் கீழே விழுந்தால் குருவானவரே குனிந்து எடுப்பார்.

முன்பு இன்னும் கடுமை. நள்ளிரவிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நன்மை வாங்க வேண்டும். தண்ணீருக்கு 1953-ல்தான் விலக்கு கிடைத்தது. 1957-ல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றானது, 1964-ல் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. விவரம் தெரியும் வயதில், ஏறத்தாழ ஏழு வயதில், குழந்தைகளுக்குப் புதுநன்மை கொடுக்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் சொன்னது 1910-ல். வெள்ளை உடை, கையில் மெழுகுவத்தி, ஸ்டூடியோ போட்டோ என்று நாம் பார்க்கும் சின்னப் பிள்ளைகளின் புதுநன்மை விழாவுக்கு வயது நூறைச் சற்றே தாண்டுகிறது. பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதி பல கோயில்களில் போய்விட்டது. முழந்தாளிட்டா நின்றா, நாவிலா கையிலா என்ற விவாதம் மட்டும் குடும்பங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. கொரோனா காலத்தில் பல இடங்களில் கையில் மட்டும்தான் கொடுத்தார்கள். அப்போது மனம் வருந்திய பெரியவர்கள் உண்டு.

இவை எல்லாமே ஒருவருக்கும் அப்பத்துக்கும் இடையிலான மரியாதை. வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையிலான மரியாதை என்ன ஆனது? இந்தக் கேள்வி புதுச்சேரியில் 300 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது.

கப்பலில் வந்த தூதர்

1703 நவம்பரில் புதுச்சேரி கரையில் இறங்கினார் திருத்தந்தையின் தூதர் தூர்னோன். அவர் போக வேண்டிய இடம் சீனா. வழியில் உடல் நலமின்றிச் சில மாதங்கள் இங்கே தங்கினார். அப்போது தமிழ்நாட்டு மிஷனரிகளைப் பற்றிய புகார்கள் அவர் காதுக்கு வந்தன. அவர்கள் உயர்சாதியினரை இழந்துவிடக் கூடாது என்பதற்காகச் சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பது முக்கியமான புகார்.

1704 ஜூன் 23 அன்று, இதே புதுச்சேரியில் 16 விதிகள் கொண்ட ஆணையில் தூர்னோன் கையெழுத்திட்டார். நோயில் விழுந்த பறையர் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடக்கும் ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோக ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அந்த வீட்டுக்குள் நுழைந்த குருவானவரை மற்ற சாதியினர் தங்கள் வீட்டு வாசலில் ஏற்றுவார்களா என்பதே மிஷனரிகளின் பயம்.

இதற்கான வாதப் பிரதிவாதம் ரோமில் 40 ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவு சொன்னார். ஆணை நின்றது. ஆனால் சேசு சபையார் முன்வைத்த ஒரு சமரசமும் கூடவே வந்தது: ஒடுக்கப்பட்டவர்களுக்கென்றே தனிக் குருக்கள். நற்கருணை வீட்டுக்குள் போனது, அதைக் கொண்டுபோகும் கைகளும் சாதிப்படி பிரிந்தன. தீர்வே பிரச்னையின் சாயலில் அமைந்துவிட்டது.

நாட்குறிப்பில் ஒரு சுவர்

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபர். துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஒரு கோயில் சங்கதியை எழுதி வைத்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. வெளியிலிருந்து பார்த்தவர் என்பதாலேயே அந்தப் பதிவுக்குத் தனி மதிப்பு.

சம்பா கோயிலுக்குள் வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. ('சேன் போல்' என்ற பிரெஞ்சுப் பெயர்தான் தமிழர் வாயில் 'சம்பா' ஆனது.) சுவருக்கு ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் மற்ற சாதியினர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவானவர், இதை ஏன் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டு ஒடுக்கப்பட்ட மக்களைத் தூண்டினார். அவர்கள் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எல்லோரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாமா என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. மற்ற சாதியினர் கொதித்தார்கள். இதே சமயத்தில், தலைமைத் துபாஷ் கனகராய முதலியின் உறவுக்காரப் பெண் ஒருவர் மெல்லிய துணியும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்தார். இதுவா கோயிலுக்கு வரும் கோலம் என்று சாமியார் கடிந்துகொண்டார். அவமானப்பட்டதாக நினைத்த குடும்பங்கள் கூடிப் பேசின. சுவரும் சேலையும் ஒரே சண்டையாகின. மரியாதை என்ற சொல்லை ஒவ்வொருவரும் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அடுத்த மாதமே கனகராய முதலி, இறந்துபோன மகனின் நினைவாக உழவர்கரையில் கட்டிய புனித அந்திரேயா கோயிலுக்குப் பெரிய விருந்து வைத்தார். பிராமணர் சமைத்தது ஓரிடம், வேளாளருக்குச் சமைத்தது இன்னோரிடம், வெள்ளைக்காரர்களுக்குப் புதுச்சேரியில் சமைத்து எடுத்து வந்தார்கள். எந்தச் சாதியின் ஆசாரத்துக்கும் குறை வராத ஏற்பாடு. அதையும் பிள்ளை எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் பவுலடிகளார் நினைவுக்கு வருவது இயல்பு. நற்கருணையைத் தகுதியின்றி உண்ணக் கூடாது, தன்னைச் சோதித்துக்கொண்டே உண்ண வேண்டும் என்பதற்கு மறைக்கல்வி வகுப்பில் காட்டும் வசனங்கள், கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் வருகின்றன. அதே அதிகாரத்தில் சற்று மேலே போனால் அவர் கோபத்தின் காரணம் தெரியும். ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அதைக் கண்டிக்கத்தான் அந்த வரிகளை எழுதினார்.

இறையூரில் துப்பாக்கிச் சத்தம்

1745-ல் சுவர் இருந்த அந்தக் கட்டடம் இன்று இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் ஊரை அழித்தபோது அதுவும் போனது. இப்போது மிஷன் வீதியில் நிற்கும் பேராலயம் 1791-ல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால், புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குட்பட்ட இறையூரில் 2008-லும் கதை முடிந்திருக்கவில்லை. பொதுப் பாதையில் சவ ஊர்வலம் கொண்டுபோகக்கூட முடியாத தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கித் தரும்படி கேட்டார்கள். மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 1745-ல் ஒடுக்கப்பட்டவர்கள் கேட்டது சுவரை இடிக்க. 2008-ல் கேட்டது தனிக் கோயில். இடையில் அவர்கள் எத்தனை முறை ஏமாந்திருந்தால் கோரிக்கை இப்படித் தலைகீழாகும்!

திருச்சபைத் தலைமை மௌனமாக இருந்தது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் நிழல்கூட இருக்கக் கூடாது என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றது. அப்படியானால் நன்மை வாங்கும் வரிசையில் பெரும்பான்மையினர் அவர்கள்தான்.

தூர்னோன் சீனா போய், அங்கும் சிக்கலில் மாட்டி, 1710-ல் மக்காவ் நகரில் காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் இங்கே எழுதிய அந்த ஒரு விதி மட்டும், யாரும் பெயர் நினைவில் வைக்காமலேயே மாதாமாதம் நடந்துகொண்டிருக்கிறது. பல பங்குகளில் முதல் வெள்ளியன்று படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை போகிறது. குருவானவர் மட்டுமல்ல, 1973-க்குப் பிறகு அனுமதி பெற்ற கன்னியரும் பொதுநிலையினரும் கொண்டுபோகிறார்கள். சிறு சிமிழில் வைத்து, வழியில் யாரிடமும் வீண் பேச்சு பேசாமல், பெரும்பாலும் ஸ்கூட்டரில். வீட்டில் ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணீர். நோயாளிகளின் பெயர்களை அன்பியத்தார் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தெரு வரிசைப்படி.