பட்டியல் யார் கையில்?

‘எக்ஸ்-மென்’ வரிசையின் முதல் படம் 2000-ஆம் ஆண்டு திரைக்கு வந்தது. பதின்மூன்றாவதான ‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’ 2020-இல் வெளியானபோது, ஃபாக்ஸ் நிறுவனத்தின் திரைப்படப் பிரிவு டிஸ்னியின் கைக்குச் சென்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்தப் படத்தோடு வரிசையும் முற்றுப்பெற்றது. அண்மையில் இந்த 13 படங்களையும் அவை வெளிவந்த வரிசையிலேயே மீண்டும் பார்த்து முடித்தேன். முதன்முறை பார்த்தபோது மனத்தில் நின்றவை வுல்வரினின் விரலிடுக்கிலிருந்து சீறிவரும் உலோக நகங்களும், காற்றில் மிதக்கும் பாலமும்தான். இம்முறை அவற்றைவிட ஆழமாகப் பதிந்தது ஒரு சாதாரணப் பொருள்: முதல் படத்தில் ஒரு செனட்டர் அவையில் உயர்த்திக்காட்டும் பெயர்ப்பட்டியல்.

இருபது ஆண்டுகள் நீண்ட இந்த வரிசை, பட்டியல்களைப் பற்றிய கதை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள், எழுதியவரின் கையிலிருந்து அது யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளை எழுப்பும்போதெல்லாம் இந்தப் படங்கள் உயர்கின்றன. அக்கேள்விகளை மறந்து நகரங்களைத் தகர்க்கத் தொடங்கும்போது சரிகின்றன.

கதையின் களம்: படங்களைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் மார்வெல் சித்திரக்கதை இதழுக்காக உருவாக்கிய பாத்திரங்கள் இவை. மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே அசாதாரண ஆற்றல் பெற்றவர்கள் ‘மியூட்டன்ட்கள்’ எனப்படுகிறார்கள். பிறர் மனத்தைப் படிக்கவல்ல பேராசிரியர் சார்லஸ் சேவியர், அத்தகைய சிறார்களுக்காக ஒரு பள்ளி நடத்துகிறார். சட்டத்தையும் மனிதர்களின் நல்லறிவையும் நம்புபவர் அவர். உலோகத்தை ஆளும் எரிக், அதாவது மேக்னெட்டோ, அவருடைய பழைய நண்பர். யூத இன அழிப்பில் பெற்றோரை இழந்த எரிக்குக்கு அந்த நம்பிக்கை இல்லை. இவ்விருவரின் வாதமே பெரும்பாலான படங்களின் முதுகெலும்பு.

செனட்டரின் தாள்: முதல் படம் 1944-இல் போலந்திலுள்ள ஒரு வதைமுகாமின் வாயிலில் தொடங்குகிறது. தாயிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் எரிக் கதற, இரும்புக் கதவு வளைகிறது. சிறிது நேரத்தில் கதை அமெரிக்க செனட் அவைக்கு வந்துவிடுகிறது. செனட்டர் ராபர்ட் கெல்லி, மியூட்டன்ட்கள் அனைவரும் அரசிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கோருகிறார். வண்டி ஓட்டுவதற்கே உரிமம் கேட்கிறோமே என்பது அவர் வாதம். உயிர்வாழ்வதற்கு உரிமம் கேட்பதில்லையே என்பது மருத்துவர் ஜீன் கிரேயின் மறுமொழி. அதற்குப் பின்தான் கெல்லி அந்தப் பட்டியலைக் காட்டுகிறார்.

அமெரிக்க வரலாறு அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதியதன்று. 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் ஊடுருவிய கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் இருப்பதாக முழங்கினார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பலர் வேலையையும் நற்பெயரையும் இழந்தனர். வதைமுகாமின் வாயிலையும் செனட் அவையையும் அருகருகே வைத்ததில்தான் இந்தப் படத்தின் அரசியல் இருக்கிறது. முதற்காட்சியைப் பார்த்த நமக்கு, இரண்டாவது காட்சியில் பேசப்படுவது வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாகத் தெரிவதில்லை.

கெல்லியின் முடிவும் கருதத்தக்கது. மேக்னெட்டோவின் இயந்திரம் அவரையே மியூட்டன்டாக மாற்றிவிடுகிறது. உடல் குலைந்து, சேவியரின் பள்ளியில் ஸ்டார்ம் என்ற பெண்ணின் அருகில் அவர் உயிர்விடுகிறார். சாதாரண மனிதர்களை வெறுக்கிறாயா என்று கேட்கும் அவரிடம், சில வேளைகளில் வெறுப்பதுண்டு என்றும், அதற்குக் காரணம் அச்சமாக இருக்கலாம் என்றும் அவள் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாள். அச்சம் இருபக்கமும் உண்டு என்பதை வெடிச்சத்தம் இல்லாமல் சொன்ன இந்தச் சிறு காட்சி, இறுதிச் சண்டையைவிட வலியது.

பதிவேடுகளின் வரலாறு: எரிக்கின் அச்சம் மிகையானதா? நெதர்லாந்தின் அனுபவத்தைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அந்நாட்டில் மக்கள்தொகைப் பதிவேடுகள் மிகச் செம்மையாகப் பேணப்பட்டன. அவற்றில் மதமும் குறிக்கப்பட்டிருந்தது. நல்லாட்சிக்காக எழுதப்பட்ட அந்தப் பதிவேடுகள் நாஜிப் படை வந்தபின் வேட்டைக்கு வழிகாட்டின. அந்நாட்டு யூதர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 அன்று, ஓவியரும் எழுத்தாளருமான வில்லம் அரோண்டேயஸ் உள்ளிட்ட எதிர்ப்புக் குழுவினர் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்தைத் தீயிட்டுத் தாக்கினர். ஆள்களைக் காப்பாற்ற அட்டைகளை எரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அரோண்டேயஸ் அதே ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார்.

அமெரிக்காவும் இதற்கு விலக்கன்று. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதை அறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தகவல்கள் பயன்பட்டன. 1988-இல்தான் அரசு சட்டப்படி மன்னிப்புக் கேட்டு இழப்பீடு வழங்க முன்வந்தது. இந்த வரலாறுகளை நினைவில் வைத்துப் பார்த்தால், ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ படத்தில் மேக்னெட்டோ தம் கையில் பச்சை குத்தப்பட்ட முகாம் எண்ணை இளையவர்களுக்குக் காட்டும் கணம் வேறு கனம் பெறுகிறது. பட்டியல் அவர் தோலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நல்லவரின் கருவி: இந்த வரிசையை நான் மதிப்பதற்குக் காரணம், அது பட்டியலைக் கெட்டவர்களின் கையில் மட்டும் வைத்துக் காட்டவில்லை என்பதே. சேவியரிடம் ‘செரிப்ரோ’ என்றொரு கருவி இருக்கிறது. உலகெங்கும் உள்ள மியூட்டன்ட்கள் ஒவ்வொருவரையும் இருந்த இடத்திலிருந்தே கண்டறிய அது உதவுகிறது. ஆதரவற்ற சிறார்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவர் அதைப் பயன்படுத்துகிறார். ஆனாலும் கெல்லி கனவுகண்டதைவிட முழுமையான பட்டியல் அதுதான்.

‘எக்ஸ் 2’ (2003) இந்த முரணைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்கிறது. இராணுவத்தைச் சேர்ந்த ஸ்ட்ரைக்கர், சிறையிலிருக்கும் மேக்னெட்டோவிடமிருந்து இரகசியத்தைக் கறந்து, பள்ளியை இரவில் தாக்கி, இன்னொரு செரிப்ரோவை அமைக்கிறார். சேவியரின் மனத்தை மயக்கி, அந்தக் கருவியின் வழியே மியூட்டன்ட்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் கொல்ல முயல்கிறார். அதைத் தடுக்கவரும் மேக்னெட்டோ, கருவியை நிறுத்தாமல் குறியை மட்டும் மாற்றுகிறார். இப்போது சாகவிருப்பவர்கள் மற்ற மனிதர்கள் அனைவரும். ஒரு நல்லவர் அன்பினால் உருவாக்கிய பதிவேடு, ஒரே பொழுதில் இரண்டு இன அழிப்புகளுக்கு ஆயுதமாகிறது. வரிசையிலேயே மிகச் சிறந்த கதைப்பின்னல் இது என்பேன்.

‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ (2011) 1962-இன் கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பின்னணியாகக் கொண்டது. அதில் இளம் எரிக், அடையாளம் காண்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று சார்லஸை எச்சரிக்கிறான். போரைத் தடுத்து நிறுத்திய அதே நாளில், பகைநாடுகளான அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றுசேர்ந்து மியூட்டன்ட்கள் மீது ஏவுகணை வீசுகின்றன. எரிக்கின் கணிப்பு பலித்துவிடுகிறது. அவன் தேடும் வழியைத்தான் ஏற்க முடிவதில்லை.

விருப்பம் கட்டாயமாதல்: ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ (2006) குறைகள் மலிந்த படம், இரண்டு பெருங்கதைகளை ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் திணித்திருக்கிறார்கள். ஆயினும் அதன் மையக் கருத்து கூர்மையானது. மரபணு மாற்றத்தை நீக்கும் மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. விரும்புவோர்க்கு மட்டும் என்றே அறிவிக்கிறார்கள். தொட்டவர் உயிரை உறிஞ்சும் உடலைக் கொண்ட ரோக் என்ற இளம்பெண் அதை விரும்பி ஏற்கிறாள். ஒருவர் கையைப் பற்றும் எளிய ஆசை அவளுக்கு. குணப்படுத்த இதில் நோய் எங்கே இருக்கிறது என்று ஸ்டார்ம் சினப்படுகிறாள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்த மருந்து விரைவிலேயே துப்பாக்கிகளில் ஏறிவிடுகிறது. மேக்னெட்டோவைக் காக்கக் குறுக்கே பாய்ந்த மிஸ்டிக் மீது அது தைக்கிறது. ஆற்றலிழந்த அவளை, இனி நீ எங்களில் ஒருத்தி இல்லை என்று கைவிட்டுப் போகிறார் மேக்னெட்டோ. பட்டியலை அஞ்சிய மனிதர் தம் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார், அதிலிருந்து அவளை அடித்துவிடுகிறார்.

சறுக்கும் இடங்கள்: எல்லாப் படங்களும் மறுமுறை பார்க்கத் தகுந்தவை அல்ல. 2009-இல் வந்த வுல்வரின் முன்கதை, ‘அப்போகலிப்ஸ்’ (2016), ‘டார்க் ஃபீனிக்ஸ்’ (2019) ஆகியவற்றில் வாதம் இல்லை. அழிவு மட்டுமே இருக்கிறது. ‘அப்போகலிப்ஸ்’ படத்தில் எரிக் ஆஷ்விட்ஸ் முகாமையே தகர்க்கும் காட்சி எனக்கு உவப்பாக இல்லை. முதல் படம் தலைவணங்கி நுழைந்த இடத்தை இது கணினி வரைகலைக்கான களமாக்கிவிட்டது. ‘டெட்பூல்’ படங்கள் நன்கு சிரிக்கவைக்கின்றன. அவற்றின் இலக்கு வேறு.

முன்னுக்குப்பின் முரண்களும் ஏராளம். எரிக்கைத் தம் 17 வயதில் சந்தித்ததாக முதல் படத்தில் சேவியர் கூறுகிறார்; ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ படத்தில் அவர்கள் சந்திக்கும்போது சார்லஸ் ஆய்வுப் பட்டம் பெற்றவராக இருக்கிறார். செரிப்ரோவைக் கட்ட எரிக் உதவியதாக ஓரிடத்தில் சொல்லப்படுகிறது. இன்னோரிடத்தில் அது ஹேங்க் என்பவரின் படைப்பு. இவற்றைப் பெருங்குறையாக நான் எண்ணவில்லை. ஒரே புராணத்தைப் பல ஊர்களில் பலவாறு சொல்லக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பொருட்டல்ல.

உவமையின் குறை: மெய்யான குறை வேறொன்று. மியூட்டன்ட்களைச் சிறுபான்மையினருக்கு உவமையாக இப்படங்கள் நிறுத்துகின்றன. ஆனால் மியூட்டன்ட்கள் உண்மையிலேயே ஆபத்தானவர்கள். ஒருவர் கண்ணைத் திறந்தால் சுவர் இடிகிறது. யூதர்களோ ஜப்பானிய அமெரிக்கர்களோ அப்படி எந்த ஆபத்தையும் பிறவியில் சுமந்து வந்தவர்களல்லர். அவர்கள் மீதான அச்சம் புனையப்பட்டது. ஆகவே இந்த உவமை, துன்புறுத்தியவர்களின் வாதத்துக்கு அறியாமலேயே சிறிது வலுச்சேர்த்துவிடும் அபாயம் இருக்கிறது.

இதற்கு விடை தேடியவர், ‘லோகன்’ (2017) படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்ட். கதை 2029-இல் நடக்கிறது. உலகின் மிக ஆற்றல் வாய்ந்த மனம் கொண்ட சேவியருக்கு முதுமையில் மூளை நலிந்துவிட்டது. வலிப்பு வரும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. அவ்வாறு தம் மாணவர்களையே அவர் இழந்திருக்கிறார். இங்கே ஆபத்து கற்பனையன்று. அதற்கு லோகன் செய்வது என்ன? வாடகைக் கார் ஓட்டிக் காசு சேர்த்து, மருந்து வாங்கிவந்து, வேளை தவறாமல் கொடுக்கிறான். கிழவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறான். அவருடைய வசைகளையும் கேட்டுக்கொள்கிறான். ஒருவர் ஆபத்தானவராகவே இருந்தாலும் அவரை முகாமுக்கு அனுப்பாமல் உடனிருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்பதே அந்தப் படம் தரும் விடை. 17 ஆண்டுகள் இவ்வேடத்தில் நடித்த ஹியூ ஜாக்மேனின் முகச்சுருக்கங்கள் அந்த விடைக்கு மெய்ம்மை சேர்க்கின்றன.

அதே படத்தில் இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ கால் நூற்றாண்டாகப் புதிய மியூட்டன்ட்கள் பிறக்கவேயில்லை. உணவில் கலந்த மாற்றத்தால் அவர்கள் சத்தமின்றித் துடைக்கப்பட்டிருக்கிறார்கள். சட்டமும் செனட் விவாதமும் அங்கே தேவைப்படவில்லை. மறுபுறம், ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட குழந்தைகளைக் காப்புரிமை பெற்ற பொருள்களாகவே ஒரு நிறுவனம் கணக்கெழுதி வைத்திருக்கிறது.

மறுபார்வை தரும் கேள்வி: பட்டியல்களே கூடாது என்பதல்ல என் கருத்து. தடுப்பூசிக்கும் உணவுப் பங்கீட்டுக்கும் வாக்குரிமைக்கும் பதிவேடு இன்றியமையாதது. பெயர் விடுபட்டவன் படும் துன்பமும் பெரிது. ஆனால் பதிவேட்டை எழுதும் ஆட்சியாளரின் நல்லெண்ணம் அதற்குப் போதுமான காவலன்று. அவருக்குப் பின் வருபவர் யார் என்பது எழுதும் நாளில் எவருக்கும் தெரியாது. எந்தத் தகவலைக் கேட்பதற்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது, கேட்ட காரணம் முடிந்தபின் அதை அழிக்க வழி உண்டா, தன் பெயர் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று உரியவர் பார்த்துத் திருத்த முடியுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாத எந்தப் பதிவேடும், சேவியருடையதாகவே இருந்தாலும், ஸ்ட்ரைக்கருக்காகக் காத்திருப்பதுதான்.

13 படங்களையும் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு ‘எக்ஸ்-மென்’, ‘எக்ஸ் 2’, ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’, ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’, ‘லோகன்’ ஆகிய ஐந்தையும் பரிந்துரைப்பேன். நான்காவதாகச் சொன்ன 2014-ஆம் ஆண்டுப் படத்தில், மரபணுவை மோப்பம்பிடித்துக் கொல்லும் ‘சென்டினல்’ இயந்திரங்கள் மியூட்டன்ட்களோடு நிற்பதில்லை. நாளை மியூட்டன்ட் குழந்தை பெறக்கூடியவர்களும், அவர்களுக்கு உதவுபவர்களும் அடுத்தடுத்து இலக்காகிறார்கள். முதலில் தன் பெயர் அதில் இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள்தான் அவர்கள் அனைவரும்.