குமாஸ்தா, வக்கீல், கப்பல்காரர், மண்ணெண்ணெய்க் கடைக்காரர்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974-இல் அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். வீரசக்கதேவி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த வண்டியிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் அது. வ.உ.சி. என்றதும் நம் நினைவுக்கு வருபவை கப்பலும் செக்கும். அவரது கதையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் தாலுகா அலுவலகம். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் அங்கே குமாஸ்தாவாக வேலை பார்த்தார்.

‘கால் காசு சம்பளமானாலும் கவர்மெண்டு சம்பளம்’ என்பது தெக்கத்தி வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு. சொந்த ஊரில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தும் அந்த இளைஞர் அதில் தங்கவில்லை. வக்கீலாக இருந்த தந்தை உலகநாத பிள்ளை மகனைச் சட்டம் படிக்கத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினார். 1894-இல் பிளீடர் தேர்வில் தேறியவர் அடுத்த ஆண்டு ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரு பதற்றம் பரவும். பதினேழு வயதில் எடுக்கும் ஒரே முடிவு அறுபது வயது வரைக்கும் செல்லும் என்ற நம்பிக்கையிலிருந்து வரும் பதற்றம் அது. அந்த நம்பிக்கை தவறு. வ.உ.சி.யின் வாழ்க்கை அதைப் படிப்படியாகக் காட்டுகிறது. அவர் முதலில் எடுத்தது ஒரு வேலை. செய்து பார்த்தார், விட்டார். தொழில் மாறியவர்களின் கதைகளை ஆராய்ந்த ஹெர்மினியா இபார்ரா 2003-இல் வெளியிட்ட நூலில் சொல்வதும் இதை ஒட்டியதுதான். தன்னை முழுதாக அறிந்துகொண்டு, பிறகு தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு. சின்னச் சின்னதாகச் செய்து பார்த்து, அதன் வழியாகத் தனக்கு எது பொருந்தும் என்று கண்டவர்களே அதிகம்.

ஒட்டப்பிடாரத்தில் இளம் வக்கீல் ஏழைகளுக்காகக் காசு வாங்காமலும் வாதாடினார். காவல்துறையும் உள்ளூர் அதிகாரிகளும் முகம் சுளித்தார்கள். இது எங்கே போய் முடியுமோ என்று அஞ்சிய தந்தை 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். தகப்பனார் நினைத்தது மகனுக்குப் பாதுகாப்பு. மகனுக்குக் கிடைத்ததோ துறைமுகம். அங்கேதான் வியாபாரிகளின் சரக்கையும் கொழும்புக்குப் போகும் பயணிகளையும் ஒரே ஆங்கிலேயக் கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, தன் பிடியில் வைத்திருந்ததை அவர் நாள்தோறும் பார்த்தார். என்ன வேலை என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். எந்த ஊரில், யார் நடுவில், எந்தப் பிரச்சினையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்பதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. ஒட்டப்பிடாரத்திலேயே இருந்திருந்தால் வ.உ.சி. நல்ல வக்கீலாக இருந்திருப்பார். கப்பல் அவர் சிந்தனையில் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 107 ஆண்டுகளுக்கு முன்பு அதே அக்டோபர் 16-ஆம் தேதியில்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முப்பத்து நான்கு வயது வக்கீலுக்குக் கப்பல் எந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஒப்பந்தம் எழுதத் தெரியும், சட்டம் தெரியும், நம்பும்படி பேசத் தெரியும். பத்தாண்டு நீதிமன்ற வாழ்க்கையில் சேர்ந்த நம்பிக்கை ஊரில் இருந்தது. ஆள் தொழில் மாறினார்; கையில் இருந்த திறமை அவரோடு கூடவே வந்தது.

முதலில் வாடகைக் கப்பல். எதிர்க் கம்பெனியின் நெருக்கடியில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று பம்பாய் போனார் வ.உ.சி. அதன்பின் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஓடின. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு எதிர்த்தரப்பு இலவசப் பயணத்தோடு ஒரு குடையும் தருவதாக அறிவித்தது என்கிறார்கள்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12-ஆம் தேதி கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் ஆண்டுகள் கழிந்தன. கோயம்புத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். தண்டனைச் செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார். கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. நிறைவான தொழில் வாழ்க்கை என்று எழுதும்போது இந்த விலையைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மை ஆகாது. அந்த விலையில் ஒரு பகுதியைக் குடும்பம் செலுத்தியது. கம்பெனி வீழ்ந்ததற்கு அரசின் அடக்குமுறை ஒரு காரணம். கம்பெனியின் உயிர் ஒரே மனிதரிடத்தில் இருந்ததும் இன்னொரு காரணம். அவர் உள்ளே போனதும் அதைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை.

1912 டிசம்பர் 24-ஆம் தேதி விடுதலை ஆனபோது அவருக்கு வயது நாற்பது. வக்கீல் தொழில் உரிமமான சன்னது பறிபோயிருந்தது, கப்பல்கள் கைமாறியிருந்தன. சென்னையில் குடியேறினார். அரிசி, நெய், மண்ணெண்ணெய் விற்றார். வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உண்மையில் இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். சிறையில் இருந்தபோது ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தமிழாக்கினார்; அது ‘மனம் போல வாழ்வு’ என்று வெளிவந்தது. அவர் விடுதலையானபின் ‘அகமே புறம்’, ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ வெளிவந்தன. திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையில் ஈடுபட்டார். சென்னையில் தொழிற்சங்கங்களோடும் வேலை செய்தார். பகலில் கடை, இரவில் சுவடி என்று அந்த நாள்களைக் கற்பனை செய்தால் தவறாகாது. கடைசியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மறுபடியும் கறுப்புக் கோட்டு.

குமாஸ்தா, வக்கீல், கப்பல் கம்பெனிக்காரர், கைதி, கடைக்காரர், பதிப்பாசிரியர், மறுபடி வக்கீல். பெயர்ப் பலகை ஆறு முறை மாறிய வாழ்க்கையில் மாறாதவை இரண்டு: சொல்லைக் கையாளும் திறமை, எளியவர் பக்கம் நிற்கும் தேர்வு. நீதிமன்றத்தில் வாதம், பங்குச் சேகரிப்பில் பேச்சு, வேலைநிறுத்தத்தில் உரை, சிறையில் மொழிபெயர்ப்பு, வீட்டில் பதிப்பு எல்லாம் ஒரே நூலில் கோத்த மணிகள்.

இதே தூத்துக்குடிக் கரையில், கல்விச் சான்றிதழ் எதுவும் இல்லாத இன்னொரு கூட்டமும், தொழில் மாறினாலும் திறமை கூடவே வரும் என்ற இந்தப் பாடத்தைத் தங்கள் உடம்பில் எழுதிவைத்திருக்கிறது. முத்துக்குளிக்கிறவர்கள். பாறைமேடான கடலடியைப் ‘பார்’ என்பார்கள். ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கயிற்றோடு இறங்கி, மூச்சு அடங்கும் வரை சிப்பியைத் திரட்டி மேலே வருவார்கள். அரசு நடத்திய முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி அரசுக்கு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் தொழிலே அல்ல. சிப்பி பெருகினால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1926 முதல் 1928 வரை நடந்தது. அடுத்து 1955-இல். இடையில் இருபத்தாறு ஆண்டுகள் வெறுங்கடல். முதல் முறை தகப்பனோடு படகேறிய பையன் அடுத்த முறை தன் மகனோடு ஏறியிருப்பான். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை.

அப்படியென்றால் அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின? முத்தை மட்டும் நம்பியிருந்தால் என்றோ கரைந்துபோயிருக்கும். அவர்கள் சங்கு குளித்தார்கள். வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் வெண்சங்கு வளையலுக்காக மன்னார் வளைகுடாச் சங்குக்கு எப்போதும் கேட்பு இருந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தச் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். முத்துக்கும் சங்குக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. மூச்சடக்கும் திறமை, கடலடி பற்றிய அறிவு, நீரோட்டம் பற்றிய கணக்கு மட்டும் இரண்டுக்கும் ஒன்று. மகிமையுள்ள தொழில் தூங்கும் காலத்தில் மகிமை குறைந்த தொழில் அதே திறமையைத் தேயாமல் வைத்திருந்தது.

முத்து போன பிறகும் சிப்பி போகவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் நுட்பமும் இங்கே கைகூடியது. 1961-இல் முடிந்துபோனது என்று எல்லோரும் எண்ணிய ஒரு விஷயத்தில் ஒருவர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையை வைத்தார். தொழில் மூடப்பட்ட பிறகும் கேள்வி மூடப்படாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அருகில் இல்லை.

1997-இல் ஏமி ரெஸ்நெஸ்கியும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். மக்கள் தங்கள் பணியை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள்: பிழைப்பு, ஏறிச் செல்லும் படி, அழைப்பு. ஒரே வகையான அலுவலக உதவியாளர் வேலையில் இருந்த இருபத்து நான்கு பேரிடம் விசாரித்தபோது மூன்று பார்வைகளிலும் ஏறத்தாழ சமமாகப் பிரிந்திருந்தார்கள். ஆகவே ‘நல்ல வேலை எது?’ என்று கேட்கும்போது பதில் வேலைப் பட்டியலில் பாதிதான் கிடைக்கும். மறுபாதி அதைச் செய்கிறவரிடமும், அவர் அதை யாருக்காகச் செய்கிறார் என்பதிலும் இருக்கிறது.

இன்று ஒட்டப்பிடாரத்துப் பெண்பிள்ளை ஒருத்தி என்ன படிக்கலாம் என்று யோசிக்கும்போது அவள் முன்னே இருப்பது வேறு தூத்துக்குடி. 1974-இல் பெருந்துறைமுகமான இடத்துக்கு இன்று வ.உ.சி.யின் பெயர். 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உப்பளமும் இருக்கிறது. எந்த ஆலையும் முத்துப்பார் போல ஒரு நாள் தூங்கிவிடலாம். இது பயமுறுத்தல் அல்ல, இந்தக் கரையின் அனுபவம். அதனால் ஆலையின் பெயரைக் கேட்பதோடு, அங்கே போனால் ஐந்தாண்டில் என்ன கைக்கு வரும், அது வேறெங்கே செல்லும், யார் கற்றுக்கொடுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் விடுமுறையில் பத்து நாள் உட்கார்ந்து பார்ப்பது, அதே துறையில் பத்தாண்டு இருப்பவரிடம் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று விசாரிப்பது, இவை ஆயிரம் விளம்பரத் தாள்களைவிட அதிக மதிப்புப் பெறும். மாநில அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இப்படிப் பழகிப் பார்க்க வழிகள் உண்டு. பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி, முதல் தேர்வு பொருந்தவில்லை என்று பிள்ளை வந்து நிற்கும் நாளில் கதவைச் சாத்தாமல் இருப்பதுதான். உலகநாத பிள்ளை ஒரு குமாஸ்தாவைத் திருச்சிக்கு அனுப்பினாரே, அதுபோல.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் படகுகள் இன்றும் விடியுமுன் கிளம்புகின்றன. முகக் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் புதியவை. இறங்கும் ஆள்களில் பலரின் தாத்தாமார் 1961-இல் கடைசி முத்துச் சிப்பியை மேலே கொண்டுவந்தவர்களாக இருக்கலாம். வ.உ.சி. 1936 நவம்பர் 18-ஆம் தேதி இறந்தது இதே ஊரில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், அறுபத்திரண்டாம் வயதில், ஜேம்ஸ் ஆலனின் இன்னொரு நூலை ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று தமிழில் கொண்டுவந்திருந்தார்.